மின்மீட்டர் கற்றுக்கொண்ட பெருக்கல்

நம் வீட்டில் மின்சாரத்தைப் பற்றிய எண்கள் மூன்று இடங்களில் காணப்படுகின்றன. சுவரில் உள்ள சாக்கெட்டில் இருப்பது ஆம்பியர் எண்: 6 அல்லது 16, பழைய வீடுகளில் 5, 15. இஸ்திரிப் பெட்டியிலும் பல்பிலும் இருப்பது வாட் எண். மின்கட்டணக் கணக்கில் இந்த இரண்டுமே இல்லை. அங்கே 'யூனிட்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரே கம்பியில் வரும் ஒரே மின்சாரத்துக்கு ஏன் இத்தனை கணக்குகள்?

பள்ளி மாணவர் இதற்கு உடனே விடை சொல்லிவிடுவார். மின்னோட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். 230 வோல்ட் அழுத்தத்தில் 5 ஆம்பியர் ஓடினால் 1150 வாட். அதைப் பயன்படுத்திய மணிகளால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். விடை சரிதான். ஆனால் இந்தச் சிறு பெருக்கலை வீட்டுச் சுவரில் மாட்டிய ஒரு பெட்டி தானாகவே செய்வதற்குப் பல அறிஞர்கள் பாடுபட வேண்டியிருந்தது. மின்சாரத்தை விற்கத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் ஆம்பியரை மட்டும் அளந்தே பணம் வாங்கினார்கள். வாங்கியவருக்குக் கிடைத்த வெளிச்சத்துக்கும் கொடுத்த காசுக்கும் சில வேளைகளில் பொருத்தம் இல்லாமல் போயிற்று. அதற்கும் மேலாக, மாணவர் ஒப்பிக்கும் அந்த வாய்பாடு நம் வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்துக்கு எப்போதும் பொருந்துவதும் இல்லை.

குதிரைக் கணக்கு

திறனை அளக்க வேண்டிய தேவை மின்சாரத்தால் வந்ததன்று, வியாபாரத்தால் வந்தது. ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தைச் சுரங்கக்காரர்களுக்கு விற்றபோது, பழைய நியூகோமன் எந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெற்றார். சுரங்கத்தில் இது நடந்தது. குதிரை கட்டி ஆலை ஓட்டியவரிடம் இது நடக்குமா? அவர் நிலக்கரியே எரிக்கவில்லை; மிச்சம் எங்கிருந்து வரும்? ஆகவே, 'இந்த எந்திரம் இத்தனை குதிரைகளுக்குச் சமம்' என்று சொல்ல வேண்டிய நிலை வாட்டுக்கு ஏற்பட்டது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்குவது ஒரு குதிரைத் திறன் என்று 1780களில் அவர் வரையறுத்தார். சாதாரணக் குதிரை நாள் முழுதும் இப்படி உழைக்காது என்று பின்னாளில் பலர் குறை சொன்னதுண்டு. எந்திரம் வாங்குபவர் ஏமாறவில்லை என்பதால் அந்த எண் நிலைத்துவிட்டது.

வாட் 1819-இல் காலமானார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று டென்மார்க்கில் எர்ஸ்டெட் கண்டது 1820-இல். இன்று உலகமெங்கும் ஒவ்வொரு பல்பிலும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் மனிதருக்கும் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது!

தொடர்பை உண்டாக்கியவர்களில் முதல்வர் ஜூல். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்த சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நீராவி எந்திரத்துக்குப் பதில் மின்கலத்தால் ஓடும் மோட்டாரை வைத்தால் லாபமாக இருக்குமா என்று அவர் கணக்குப் பார்த்தார். மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தின் விலை நிலக்கரியை விட மிக அதிகம் என்று தெரிந்தது. மோட்டார் ஆசை போயிற்று. ஆனால் அந்த ஆராய்ச்சியின் ஊடே ஒரு விதி கிடைத்தது. கண்ணாடிக் குழாயின்மேல் கம்பியைச் சுற்றி, நீரில் வைத்து, மின்னோட்டம் செலுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காயிற்று; மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் தடைக்கும் ஏற்ப அமையும் என்று 1841-இல் வெளியிட்டார். இதனுடன் ஓம் 1827-இல் கூறிய விதியைச் சேர்த்தால் மாணவரின் வாய்பாடு வந்துவிடும். தடை × மின்னோட்டம் = மின்னழுத்தம். ஆகவே, தடை × மின்னோட்டம் × மின்னோட்டம் என்பது மின்னழுத்தம் × மின்னோட்டம்தான்.

இந்தப் பெருக்கலின் விடைக்குப் பெயர் வைத்தவர் வில்லியம் சீமென்ஸ். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர். 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய அலகுகளை ஏற்றிருந்தது. திறனுக்கு மட்டும் பெயர் இல்லை. 1882-இல் பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தின் தலைவராக உரையாற்றிய சீமென்ஸ், ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஓர் ஆம்பியர் தரும் திறனுக்கு 'வாட்' என்று பெயரிடலாம் என்றார். 746 வாட் ஒரு குதிரைத் திறன். நீராவி எந்திரம் ஓட்டியவருக்கும் விளக்கு வாங்கியவருக்கும் பொதுமொழி ஒன்று இவ்வாறு பிறந்தது. ஆற்றலின் அலகுக்கு ஜூலின் பெயரையும் அவரே முன்மொழிந்தார். பாரிஸ் மாநாடு இரண்டு பெயர்களையும் 1889 ஆகஸ்டில் ஏற்றது; அக்டோபரில் ஜூல் மறைந்தார்.

துத்தநாகத்தை நிறுத்துப் பணம் வாங்கியவர்

சீமென்ஸ் பேசிய அதே ஆண்டு, செப்டம்பர் 4 அன்று, நியூயார்க் நகரத்துப் பெர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கிற்று. நேர்மின்னோட்டம், ஏறத்தாழ 110 வோல்ட். விளக்குகளைச் செய்தாகிவிட்டது, பூமிக்கடியில் கம்பிகளைப் புதைத்தாகிவிட்டது. யாருக்கு எவ்வளவு பில் போடுவது? எரிவாயு விளக்குக்காரர்களிடம் எப்போதோ மீட்டர் இருந்தது. மின்சாரக்காரரிடம் இல்லாவிட்டால் வியாபாரம் எப்படி நிற்கும்?

எடிசன் செய்த மீட்டரில் முள் இல்லை, சக்கரம் இல்லை. துத்தநாக சல்பேட்டுக் கரைசல் நிறைந்த கண்ணாடிக் குப்பி. அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் இக்கரைசலின் வழியே செல்லும். செல்லும்போது ஒரு தகடு கரையும். மற்றொன்றில் துத்தநாகம் படியும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகடுகளை எடுத்துச் செல்வார். நிலையத்தில் நுண்ணிய தராசில் நிறுப்பார்கள். எடை மாற்றத்தைக் கொண்டு பில் போடுவார்கள்.

இந்த எடை எவ்வளவு இருக்கும் என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.22 கிராம் துத்தநாகம் படியும். அக்காலக் கரியிழை விளக்கு ஒன்று சுமார் முக்கால் ஆம்பியர் வாங்கும். பத்து விளக்குகள் நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால், முப்பது நாளில் 1125 ஆம்பியர்-மணி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1.125. படியும் துத்தநாகம் ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு! ஒரு கடையின் ஒரு மாத வெளிச்சம் இந்தத் துளி உலோகத்தில் அடங்கியிருந்தது. பனிக்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமலிருக்க மீட்டர்ப் பெட்டிக்குள் ஒரு விளக்கை வைத்து, குளிர் மிகும்போது அது தானே எரியும்படியும் செய்திருந்தார்கள்.

வாங்குபவர் நம்பினாரா? எடிசனுக்குப் பணம் போட்ட வங்கியாளர் ஜே. பி. மார்கனே நம்பவில்லை. எடிசனின் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதை வருகிறது. மார்கனின் அலுவலகத்தில் ஒவ்வொரு விளக்குக் கொத்திலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். விளக்கை ஏற்றிய நேரம், அணைத்த நேரம் இரண்டையும் அதில் குறிக்க வேண்டும். மாத முடிவில் எழுத்தர் ஒருவர் கூட்டிப் பார்த்தார். அட்டைக் கணக்கைவிட மீட்டர்க் கணக்கு அதிகம். மார்கனுக்கு ஒரே மகிழ்ச்சி. அடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று. எடிசன் நேரில் சென்று சுற்றிப் பார்த்தார். 'இந்த இடத்தை எப்போது பெருக்குகிறீர்கள்?' என்று கேட்டார். இரவில் என்றார்கள். துப்புரவு செய்பவரை அழைத்து விசாரித்தால், அவர் நடுவில் உள்ள பத்து விளக்குகள் கொண்ட கொத்தை ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்வாராம். அட்டையில் எழுத வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் அவரும் எழுதினார். இரண்டு கணக்கும் சில சென்டு வேறுபாட்டில் ஒத்துப்போயின.

மீட்டர் வென்றது உண்மை. ஆனாலும் அதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, வீட்டுக்காரர் பார்த்துப் படிக்க அதில் ஒன்றுமில்லை. விற்பவரின் தராசையே நம்ப வேண்டும். இரண்டாவது குறைதான் நம் பொருளுக்கு முக்கியமானது. அந்தத் தகடுகளுக்கு ஆம்பியர் மட்டுமே தெரியும். மின்னழுத்தம் எப்போதும் 110 வோல்ட்தான் என்று எண்ணிக்கொண்டு, பெருக்கலை மனிதர்கள் காகிதத்தில் போட்டார்கள்.

மின்னழுத்தம் அப்படி ஒரே நிலையில் நிற்குமா? கிராமத்தில் வரிசையின் கடைசி டிரான்ஸ்பார்மரை நம்பி வாழ்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கம்பி நீள நீள அழுத்தம் குறையும். அழுத்தம் 5 விழுக்காடு குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். கரியிழை விளக்கில் ஓடும் மின்னோட்டமும் சுமார் 5 விழுக்காடு குறையும். ஆம்பியர் மீட்டர் அந்த அளவுக்குக் கட்டணத்தைக் குறைக்கும். உண்மையில் பெற்ற திறனோ இரண்டும் சேர்ந்து 10 விழுக்காடு குறைந்திருக்கும். வெளிச்சம் ஏறத்தாழ கால் பங்கே போய்விடும். மங்கலான விளக்கின் அடியில் உட்கார்ந்திருப்பவரின் இழப்பில் பாதியை மட்டும் கண்டுகொள்ளும் மீட்டர் அது.

கழன்று விழுந்த சுருள்வில்

1886-இல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மாறுமின்னோட்டத்தை விற்க ஆரம்பித்தது. இதன் பெருமை மின்மாற்றியில் இருந்தது. அழுத்தத்தை உயர்த்தி மெல்லிய கம்பியில் தொலைதூரம் அனுப்பலாம், வீட்டருகே குறைத்துக்கொள்ளலாம். ஆனால் எடிசனின் துத்தநாகம் இங்கே உதவாது. மின்னோட்டம் நொடிக்குப் பல முறை திசை மாறுவதால், ஒரு தகட்டுக்குப் போன உலோகம் போன வேகத்தில் திரும்பிவிடும். மீட்டர் இல்லாததால் விளக்குக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் வாங்கினார்கள். எரித்தாலும் அணைத்தாலும் ஒரே காசு என்றால் யார்தான் அணைப்பார்?

1888 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் பொறியாளர் ஆலிவர் ஷாலன்பர்கர் ஒரு வில் விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து சிறு சுருள்வில் ஒன்று கழன்று உள்ளே விழுந்தது. விழுந்த வில் கிடந்த இடத்திலேயே மெல்லச் சுழல்வதை அவர் கண்டார். வேறொருவர் அதை எடுத்துப் பழைய இடத்தில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். சுருள்களின் காந்தப்புலமே சுழல்கிறது, அதுதான் வில்லைத் தள்ளுகிறது என்று ஷாலன்பர்கர் புரிந்துகொண்டார். சில வாரங்களில் மாறுமின்னோட்டத்துக்கு ஒரு மீட்டர் தயாராகிவிட்டது. சுழலும் காந்தப்புலத்தை இத்தாலியில் துரின் நகரப் பேராசிரியர் கலிலியோ ஃபெராரிஸ் 1885-இலேயே கண்டு, 1888-இல்தான் வெளியிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஷாலன்பர்கர் மீட்டரில் எண்களைக் காட்டும் முகம் இருந்தது. வீட்டுக்காரர் படிக்கலாம். ஆனால் அதுவும் ஆம்பியர்-மணிதான். விளக்குகள் மட்டும் இருந்தவரை பெரிய தீங்கில்லை. மாறுமின்னோட்டத்தில் மோட்டாரும் விசிறியும் வந்தபோது புதிய தொல்லை ஒன்று முளைத்தது.

பின்தங்கும் மின்னோட்டம்

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது தள்ளினால் நம் உழைப்பு ஊஞ்சலுக்குப் போய்ச் சேரும். நம்மை நோக்கி வரும்போது தள்ளினால், ஊஞ்சல்தான் நம்மைத் தள்ளும். தள்ளும் விசை அதே அளவு, ஊஞ்சலின் வேகமும் அதே அளவு. காலம் தவறினால் வேலையின் அளவே மாறிவிடுகிறது.

மாறுமின்னோட்டத்தில் மின்னழுத்தம் தள்ளும் கை. மின்னோட்டம் ஊஞ்சலின் வேகம். சாதாரண பல்பிலும் இஸ்திரிப் பெட்டியிலும் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆகவே, வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும். சுருளும் இரும்பும் உள்ள விசிறி, மோட்டார், டியூப் லைட்டுக்கான சோக் ஆகியவற்றில் மின்னோட்டம் சற்றுப் பின்தங்கும். ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் அழுத்தம் ஒரு பக்கமும் மின்னோட்டம் எதிர்ப்பக்கமும் இருக்கும். அந்தக் கணங்களில் சுருளில் காந்தமாகச் சேர்ந்திருந்த ஆற்றல் கம்பி வழியே திரும்பிச் செல்கிறது. வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

சோக் வைத்த நான்கடி டியூப் லைட்டை எடுத்துக்கொள்வோம். மின்தேக்கி இல்லாவிட்டால் அது வாங்கும் மின்னோட்டம் சுமார் 0.43 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 99 வருகிறது. ஆனால் 40 வாட் குழாயும் சோக்கும் சேர்ந்து உண்மையில் செலவழிப்பது சுமார் 50 வாட்தான். இந்தப் பாதி என்ற விகிதத்துக்குத் திறன் காரணி என்று பெயர். பெருக்கலில் மூன்றாவது உறுப்பு இதுவே. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் × திறன் காரணி. நல்ல பல்புக்குக் காரணி ஒன்று. அந்த டியூப் லைட்டுக்கு அரை. ஆம்பியர் மீட்டர் வைத்த வீட்டில் இந்த விளக்கு எரிந்தால் 50 வாட் பெற்றுக்கொண்டு 99 வாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். இன்றும் மின்னோட்டத்தைக் கவ்வி அளக்கும் கருவியை வாங்கி, படித்த ஆம்பியரை 230-ஆல் பெருக்கி, 'மின்வாரிய மீட்டர் தப்பு' என்றோ 'பொருளில் போட்ட வாட் பொய்' என்றோ சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. தப்பு பெரும்பாலும் அவர்கள் விட்டுவிட்ட மூன்றாவது உறுப்பில் இருக்கும்.

இந்தப் பின்தங்கலைக் காகிதத்தில் கணக்கிடுவதே அன்றைய பொறியாளர்களுக்குப் பெரும்பாடு. 1893-இல் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் கலப்பெண்களைக் கொண்டு அதை எளிதாக்கிக் காட்டினார். மீட்டரை என்ன செய்வது? அழுத்தமும் மின்னோட்டமும் கணந்தோறும் மாறுகின்றன. கணந்தோறும் இரண்டையும் பெருக்க வேண்டும். எதிர்த்திசையில் வருவதைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் முடிகிற வேலையா இது?

பெருக்கும் சுருள்கள்

இயற்கையில் இரண்டு எண்களைப் பெருக்கும் பொருள் ஏதேனும் உண்டா? உண்டு. அருகருகே உள்ள இரண்டு சுருள்களில் மின்னோட்டம் ஓடினால் அவற்றிடையே எழும் விசை இரு மின்னோட்டங்களின் பெருக்குத்தொகைக்கு ஏற்ப இருக்கும். ஒரு சுருளைத் தடித்த கம்பியால் செய்து, வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதையும் அதன் வழியே விடுவோம். மற்றொன்றை மெல்லிய கம்பியால் செய்து, மின்தடையுடன் சேர்த்து இரு கம்பிகளுக்கும் குறுக்கே இணைப்போம். அதில் ஓடுவது அழுத்தத்துக்கு ஏற்ற மின்னோட்டம். இரண்டுக்கும் இடையே உள்ள விசை என்ன? மின்னோட்டம் × மின்னழுத்தம்!

அமெரிக்காவில் எலிஹு தாம்சன் 1889-இல் இந்தத் தத்துவத்தில் ஒரு மீட்டரைச் செய்தார். அது இரும்பே இல்லாத ஒரு சிறு மோட்டார். இரு சுருள்களிலும் திசை ஒன்றாக மாறினால் சுழற்சியின் திசை மாறாது. கழித்தல் எண்ணைக் கழித்தல் எண்ணால் பெருக்கினால் கூட்டல் எண் வருவது போல. ஆகவே நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் இரண்டுக்கும் அது பயன்பட்டது. ஒன்று மட்டும் திசை மாறியிருக்கும் கணத்தில் விசை பின்னோக்கி இழுக்கும். திருப்பிக் கொடுத்த ஆற்றல் அவ்வாறு கழிந்துவிடும். மோட்டார் கட்டுக்கு மீறி ஓடாமலிருக்க, அச்சில் ஒரு செப்பு வட்டும் அதை அணைத்தாற்போல் காந்தங்களும் இருந்தன. வட்டு வேகமாகச் சுழலச் சுழலக் காந்தத்தின் தடுப்பும் அதே அளவில் கூடும். ஆதலால் சுழலும் வேகம் திறனுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. சுற்றுகளை எண்ணினால் ஆற்றல்.

பெர்லினில் ஹெர்மன் ஆரன் வேறு வழியில் போனார். 1884-இல் அவர் இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கொண்டு ஒரு மீட்டரைச் செய்தார். மின்னோட்டம் ஓடும்போது ஒரு கடிகாரத்தின் ஊசல் மட்டும் வேகம் மாறும். இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாடே கணக்கு. பின்னர் ஊசலில் அழுத்தச் சுருளை வைத்து இதையும் வாட்டைக் கணக்கிடும்படி செய்தார். கருவி அழகுதான். ஆனாலும் வீட்டுக்கு வீடு இரண்டு கடிகாரங்களை மாட்டுவது எளிதன்று.

வீட்டுச் சுவர்களில் நிலைத்தது ஹங்கேரிக்காரர் ஒருவரின் வழி. புடாபெஸ்டில் கன்ஸ் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஒட்டோ பிளாதி, 1885-இல் நண்பர்கள் இருவருடன் மின்மாற்றியைச் செப்பம் செய்தவர். 1889-இல் அவர் தூண்டல் மீட்டரை உருவாக்கினார். இதில் சுழலும் பகுதிக்கு மின்சாரமே கொடுப்பதில்லை. தேய்ந்துபோகும் தொடுமுனைகளும் இல்லை. வெறும் உலோக வட்டு ஒன்று. அதன் அருகே அழுத்தச் சுருளும் மின்னோட்டச் சுருளும் உள்ளன. இரண்டின் மாறும் காந்தப்புலங்களும் வட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகின்றன, ஒன்றன் புலம் மற்றொன்று தூண்டிய மின்னோட்டத்தைத் தள்ளுகிறது, வட்டு சுழல்கிறது. முதல் மீட்டர்கள் 23 கிலோ எடை இருந்தனவாம். அமெரிக்காவில் ஷாலன்பர்கரும் 1894-இல் தம் பழைய கருவியை விட்டுத் தூண்டல் முறையில் வாட்-மணி மீட்டரைச் செய்தார். அழுத்தச் சுருளின் காந்தப்புலம் அழுத்தத்துக்குக் கால் சுற்று பின்தங்கி நின்றால்தான் பெருக்கலில் திறன் காரணி சரியாக வந்து சேரும். அதைச் சீராக்கும் நுட்பமே இந்த மீட்டர்களின் உயிர். வீட்டு முகப்பில் கண்ணாடிக்குப் பின்னே கறுப்புக் கோடு போட்ட அலுமினிய வட்டு சுற்றிக்கொண்டிருந்ததே, அது இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

'யூனிட்' எங்கிருந்து வந்தது?

இந்தச் சொல் நமக்கு பிரிட்டனிலிருந்து வந்தது. 1882-இல் அங்கே மின்விளக்குச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். மின்சாரம் விற்க அனுமதி பெற்றவர்கள் எதை அளந்து விற்க வேண்டும் என்பதை அந்நாட்டு வாணிப வாரியத்தின் ஆணைகள் வரையறுத்தன. ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஆயிரம் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதில் உள்ள ஆற்றல் ஒரு யூனிட். வீட்டில் யாரும் ஆயிரம் ஆம்பியர் பயன்படுத்துவதில்லை. ஆனால் 200 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றாலும் அதே ஆயிரம்தான். நம் பழைய பாடநூல்களில் 'பி.ஓ.டி. யூனிட்' என்று படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். வாணிப வாரியத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அவை. இன்று அதைக் கிலோவாட்-மணி என்கிறோம். வாரியத்தை மறந்தாலும் யூனிட்டை மறக்கவில்லை.

கம்பிக்கு ஒரு கணக்கு, மீட்டருக்கு ஒரு கணக்கு

அப்படியானால் சாக்கெட்டில் ஏன் இன்னும் ஆம்பியர் எழுதுகிறார்கள்? காரணம் ஜூலின் கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. கம்பி சூடாவது மின்னோட்டத்தின் இருமடியால். அந்த மின்னோட்டம் எத்தனை வோல்ட்டில் வந்தது, முந்திற்றா பிந்திற்றா, வேலை செய்ததா திரும்பிச் சென்றதா என்பதெல்லாம் கம்பிக்குத் தெரியாது. பியூஸ் கம்பி அறிந்த எண் ஆம்பியர் ஒன்றே.

இதனால்தான் பெர்லின் நகரில் 1899-இல் வீட்டு மின்னழுத்தத்தை 110-லிருந்து 220 வோல்ட்டாக உயர்த்தினார்கள். அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும். அதே கம்பியில் ஏற்படும் வெப்ப இழப்பு நான்கில் ஒன்றாகும். நம் நாட்டு 230 வோல்ட்டும் இந்த வழக்கத்தைச் சேர்ந்ததே. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நம் வீட்டில் 4.3 ஆம்பியர் வாங்குகிறது. 110 வோல்ட்டில் அதுவே 9 ஆம்பியருக்கு மேல். 2000 வாட் வெந்நீர்க் கொதிகலன் இங்கே 8.7 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகக் கூடாது. பன்முனைப் பிளக்கு ஒன்றை இடையில் வைத்துச் செருகுவது இன்னும் மோசம். பிளக்கின் பழுப்பேறிய முனையையும் இளகிய பிளாஸ்டிக்கையும் பார்த்தவர்களுக்கு இருமடி விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பின்தங்கிய மின்னோட்டம் இங்கே திரும்பவும் வருகிறது. வீட்டு மீட்டர் அதற்குக் காசு கேட்பதில்லை. ஆனால் தெருக் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் அதைச் சுமந்தே ஆக வேண்டும். வீட்டுக்காரருக்கு நியாயம் செய்த மீட்டர் மின்சாரம் அனுப்புபவருக்கு ஒரு சுமையை வைத்துவிட்டது. ஆலைகளிடம் திறன் காரணி குறைந்தால் கூடுதல் கட்டணம் வாங்குவதும், மோட்டாருக்குப் பக்கத்தில் மின்தேக்கி வைக்கச் சொல்வதும் இதற்காகவே. முன்பு சொன்ன டியூப் லைட்டில் 3.5 மைக்ரோஃபாரடு மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் கம்பியில் ஓடும் 0.43 ஆம்பியர் கால் ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். வெளிச்சம் அதே, வாட் அதே, பில்லும் அதே. குறைவது கம்பியின் சூடு மட்டுமே.

இப்போது வட்டு சுழலும் மீட்டர்கள் அருகிவிட்டன. மின்னணு மீட்டர் அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, ஒவ்வொரு இணையையும் பெருக்கிக் கூட்டுகிறது. பிளாதியின் வட்டு செய்த வேலையேதான். சுழல்வதற்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கு இமைக்கிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை இமைப்பு என்று மீட்டரின் முகத்திலேயே போட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200.

மாணவர்கள் இதைக் கொண்டு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். பெட்டியின் சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு நிமிடம் மீட்டரின் இமைப்புகளை எண்ணுங்கள். 3200 மீட்டரானால் 53 வர வேண்டும். 50 மட்டும் வந்தால்? 50-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 0.94 கிலோவாட். பெட்டியில் அச்சிட்ட எண் 230 வோல்ட்டுக்கு உரியது. அதன் தடை மாறவில்லை. திறன் அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த நேரத்தில் உங்கள் வீட்டு மின்னழுத்தம் ஏறத்தாழ 223 வோல்ட்.